ஜூலியட்டின் வெற்றுக் கல்லறையும் பிரான்செஸ்காவின் சீதனமும்: இத்தாலியக் காதல் கதைகள் விட்டுச்சென்ற எச்சங்கள்

செங்கல்மேடு:

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் அலுவலக வேலையாக வட இத்தாலிக்குப் போயிருந்தபோது, கிடைத்த ஒரு நாள் விடுப்பில் வெரோனாவுக்குச் சென்று வந்தேன். அங்கே பார்த்த ஒரு பொருள் இன்றுவரை மனத்தை விட்டு அகலவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நகரின் உரோமானிய அரங்கத்துக்குத் தெற்கே, ஆற்றோரமாக, சான் பிரான்செஸ்கோ அல் கோர்சோ என்னும் பழைய மடம் இருக்கிறது. 1973 முதல் அது சுவரோவியங்களுக்கான அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. உள்முற்றத்தைக் கடந்து படியிறங்கினால், வளைவுக் கூரை தலைக்கு மிக அருகில் தாழ்ந்திருக்கும் நிலவறை ஒன்று வருகிறது. அதன் நடுவே மூடியில்லாத ஒரு செந்நிறக் கல்தொட்டி கிடக்கிறது. அதைத்தான் ஜூலியட்டின் கல்லறை என்கிறார்கள். அதற்குள் எலும்பும் இல்லை, மண்ணும் இல்லை. அதன்மேல் இறந்தவர் பெயரைச் சொல்லும் ஓர் எழுத்தும் இல்லை. விளிம்பு மட்டும், அணில் கொறித்துப் போட்ட கொய்யாப் பழத்தைப் போல, ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே தேய்ந்தும் உடைந்தும் இருந்தது.

எனக்கு முன்னால் நின்ற வயதான பெண்மணி ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த விளிம்பில் நான்கு விரல்களை வைத்து, கண்களை மூடியபடி வெகு நேரம் நின்றார். அவர் நகர்ந்த பிறகு நானும் அதே இடத்தில் கை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. ஜூலியட் என்ற பெண் வாழ்ந்ததற்கு ஆவணச் சான்று எதுவும் கிடையாது என்பதை அறிந்துதான் அங்கே போனேன். அப்படியிருந்தும் கையை உடனே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாழாத ஒருத்தியின் கல்லறையை நாம் வரலாற்று எச்சம் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றால், நானும் அந்த அம்மையாரும் கை வைத்தது எதன்மீது?

ஏடுதேடி:

செங்கல்மேடு ஐயா, நல்ல கேள்வியைத் தொட்டிருக்கிறீர்கள். கல்லுக்குப் போகும் முன் கதையின் வயதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால் இங்கே கதை முதலில் வந்தது, கல்லறை பிறகுதான் அதோடு சேர்ந்தது.

ஒரு பெண் மயக்க மருந்து அருந்தி இறந்தவளைப் போலக் கிடப்பதும், செய்தி போய்ச் சேராமல் காதலன் அழிவதும் 1476இல் அச்சான மசூச்சோ சலெர்னித்தானோவின் கதைத் தொகுப்பிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தக் கதை நடப்பது சியெனா நகரில். காதலர்களின் பெயர்களும் வேறு. அதை வெரோனாவுக்குக் கொண்டுவந்து, ரோமியோ, ஜூலியட் என்ற பெயர்களைச் சூட்டி, பார்த்தொலொமெயோ தெல்லா ஸ்காலா ஆண்ட காலத்தில், அதாவது 1301க்கும் 1304க்கும் இடைப்பட்ட காலத்தில் வைத்தவர் விச்சென்சாவைச் சேர்ந்த லூயிஜி தா போர்த்தோ. அவருடைய நூல் அவர் 1529இல் இறந்த பின்னரே வெனிசில் வெளிவந்தது. 1554இல் பந்தெல்லோ அதை விரித்து எழுதினார். பிறகு பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நாடு விட்டு நாடு நடந்து ஷேக்ஸ்பியரிடம் போய்ச் சேர்ந்தது.

இரு குடும்பங்களின் பெயர்களுக்கு மட்டும் பழைய சான்று உண்டு. இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தே ‘திவீனா கொமேதியா’ என்னும் தம் காவியத்தின் இரண்டாம் பகுதியில், ஆறாம் பாடலில், மொந்தெக்கி, கப்பெல்லெத்தி என்ற இரண்டையும் ஒரே அடியில் வைத்துப் பாடுகிறார். ஆனால் அவை உள்நாட்டுச் சண்டைகளால் சீரழிந்த கட்சிகளின் பெயர்கள். அங்கே காதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மொந்தெக்கி வெரோனாக்காரர்கள், கப்பெல்லெத்தியோ கிரெமோனாவைச் சேர்ந்தவர்கள். இரு வேறு ஊர்க்காரர்களை ஒரே தெருவில் பகையாளிகளாகக் குடிவைத்தது கதைதான்.

கல்தொட்டியின் வரலாறும் கதைக்குப் பின்னரே தொடங்குகிறது. வெரோனாவைச் சேர்ந்த ஜிரோலமோ தல்லா கோர்த்தே 1590களில் அச்சான தம் நகர வரலாற்றில், இந்தக் காதலை உண்மையாக நடந்த நிகழ்ச்சியாகவே பதிவு செய்து, 1303 என்று ஆண்டும் குறித்து, மடத்தில் ஒரு கல்தொட்டி துவைக்கும் தொட்டியாகப் பயன்படுவதைத் தாமே பார்த்ததாகவும் எழுதினார். தா போர்த்தோவின் நூல் அச்சேறி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் புனைவு வரலாறாகிவிட்டது.

கல்தச்சன்:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்வேலை செய்து வருகிறது. அதனால் ஏடுகளை ஏடுதேடி அம்மாவிடம் விட்டுவிட்டுக் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது வெரோனாச் செங்கல். சுட்ட செங்கல் அன்று, சிவப்புக் கல். வணிகத்தில் பளிங்கு என்றே விற்கிறார்கள், ஆனால் உண்மையில் அது சுண்ணாம்புக் கல் வகை. ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த சேறு இறுகி உருவானது. அதை மெருகேற்றினால் உருண்டை உருண்டையாகத் திட்டுகள் தெரியும்; சில இடங்களில் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட, அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் ஓடுகளின் குறுக்குவெட்டும் தென்படும். வெரோனாவின் அரங்கம், தேவாலயத் தூண்கள், தெருவோர நடைபாதைகள் எல்லாவற்றிலும் இதே கல்லைப் பார்க்கலாம். செங்கல்மேடு ஐயா தொட்ட இடத்தில் விரலுக்குக் கொஞ்சம் மேடுபள்ளம் தட்டியிருக்கும். உருண்டைத் திட்டுகளுக்கு இடையே களிமண் கலந்த மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. தண்ணீர் பட்டால் அவைதாம் முதலில் கரையும். பல தலைமுறைகளாகத் தண்ணீர்த் தொட்டியாக இருந்த கல் என்றால், தேய்மானம் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் விளிம்பில் உள்ள உடைசல்களைத் தண்ணீர் செய்யவில்லை. 1816 நவம்பரில் அங்கே வந்த கவிஞர் பைரன், அந்தக் கருங்கல்லில் சில துண்டுகளைத் தம் மகளுக்கும் உடன்பிறந்தாள் மகள்களுக்கும் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கருங்கல் என்று அவர் எழுதியது தவறு; கருங்கல்லை அப்படிச் சுலபமாகப் பெயர்த்துவிட முடியாது. நெப்போலியனின் மனைவியாக இருந்து பிறகு பார்மாவின் கோமகளான மரி லூயிஸ், இதே கல்லின் துண்டுகளை நகைகளில் பதித்து அணிந்தார். ஆக, நீங்கள் பார்த்தது முழுக் கல்லறை அன்று. அதன் துண்டுகள் ஐரோப்பாவின் நகைப்பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன.

எனக்கு இதில் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. அந்தத் தொட்டியை ஒரு தச்சன் யாரோ ஒருவருக்காகச் செதுக்கினான். அதற்குள் ஓர் உடல் கிடந்திருக்கும். அந்த மனிதர் யார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. கதையில் வரும் ஒருத்திக்காக, உண்மையில் இறந்துபோன ஒருவர் தம் கல்லறையை இழந்துவிட்டார். துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்துப் போனதும் அவருடைய கல்லறையைத்தான்.

கோவில்மணி:

கல்தச்சன் ஐயாவின் கடைசிப் பத்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

நான் ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியன். எங்கள் வழக்கில் புனிதர்களின் எச்சங்களை ‘அருளிக்கம்’ என்போம். அதிலே படிகள் உண்டு. புனிதரின் எலும்பு, முடி போன்ற உடற்பகுதிகள் முதல் படி. அவர் உடுத்திய துணி, பயன்படுத்திய பொருள் ஆகியவை இரண்டாம் படி. அந்த எலும்பிலோ பொருளிலோ தொட்டு எடுத்த துணி போன்றவை மூன்றாம் படி. பைரனும் மரி லூயிசும் செய்ததைப் பாருங்கள். இறைநம்பிக்கையோடு தொடர்பே இல்லாத ஒரு காதல் கதைக்கு, அவர்கள் அருளிக்க மரபை அப்படியே எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள். உடலை வைத்த கல், அந்தக் கல்லின் சில்லு, சில்லைப் பதித்த நகை என்று அந்தப் படிகளே இங்கேயும் இருக்கின்றன. செங்கல்மேடு ஐயா சொன்ன அம்மையார் கையுறையைக் கழற்றியதும் அந்தப் பழக்கத்தால்தான். தொடுகையில் ஏதோ கடந்து வரும் என்ற நம்பிக்கை அது.

ஆனால் அருளிக்கத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. அது இன்னாருடையது என்பதற்குச் சான்றோலை வேண்டும். முத்திரையிட்ட சான்று இல்லாத எலும்பைப் பீடத்தில் வைத்து வணங்கத் திருச்சபை இடம் தருவதில்லை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வெரோனாவின் கல் தேறாது.

மாடப்புறா:

நீங்கள் மூவரும் எழுதியதை மதித்துப் படித்தேன். ஆயினும் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சான்று இல்லை என்பதாலேயே அந்த இடம் பொய்யாகிவிடாது.

நான் திருமணமான புதிதில் கணவரோடு வெரோனாவுக்குப் போயிருக்கிறேன். ஜூலியட்டின் வீடு என்று காட்டப்படும், கப்பெல்லோ தெருவின் 23ஆம் எண் வீட்டு முற்றத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே நின்று அந்த மாடத்தை அண்ணாந்து பார்த்தபோது, பள்ளியில் படித்த வரிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. நுழைவு வளைவின் உச்சியில் கல்லில் செதுக்கிய ஒரு தொப்பி இருக்கிறது. அந்த வீடு தல் கப்பெல்லோ குடும்பத்துடையது. கப்பெல்லோ என்றால் தொப்பி. அதையும் கப்பெல்லெத்தி என்ற பெயரையும் மக்கள் ஒன்றாக்கிக்கொண்டார்கள். அந்த மயக்கம் எப்படிப் பிறந்தது என்பதே எனக்கு அழகாக இருக்கிறது.

மடத்தில் எத்தோரே சோலிமானி என்ற காவலர் ஒருவர் 1937 முதல் பணியில் இருந்தார். ஜூலியட்டின் பெயருக்குக் கடிதங்கள் வந்து குவிய ஆரம்பித்தபோது, அவர் தம்மை ஜூலியட்டின் செயலர் என்று குறிப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதத் தொடங்கினார். அவருக்குப் பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்றும் தன்னார்வலர்கள் குழுவாகச் சேர்ந்து கையாலேயே பதில் எழுதுகிறார்கள். மனம் உடைந்த ஒரு பெண் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து எழுதிய கடிதத்துக்குப் பதில் போகிறது என்றால், அந்தக் கல்தொட்டி வெறுமையாக இருப்பதால் யாருக்கு என்ன நட்டம்?

ஏடுதேடி:

மாடப்புறா தோழிக்கு, அந்தக் கடிதங்களின் மதிப்பை நான் மறுக்கவே மாட்டேன். அவை உண்மையான மனிதர்களின் துயரங்கள். நான் கவலைப்படுவது கட்டடத்தைப் பற்றி.

அந்த வீட்டைப் பழைய பயணிகள் எப்படிக் கண்டார்கள் என்று பாருங்கள். 1840களில் ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் போனபோது அது மிக மோசமான ஒரு சிறு சத்திரமாக இருந்தது. முற்றத்தில் வண்டிக்காரர்களின் கூச்சலும், சேற்றில் புரண்ட வாத்துக் கூட்டமும், வாசலில் ஒரு முரட்டு நாயும் இருந்ததாக எழுதுகிறார். வெரோனா நகராட்சி 1905இல் வீட்டை வாங்கியது. 1930களில் ஹாலிவுட்டில் இந்தக் கதை படமாகி உலகெங்கும் ஓடியது. அதையொட்டி, நகர அருங்காட்சியகங்களின் இயக்குநரான அந்தோனியோ அவேனா 1936 முதல் 1940 வரை வீட்டைத் திருத்தி அமைத்தார். சன்னல்களுக்கு இடைக்காலக் கூர்வளைவுகள் வைக்கப்பட்டன. நீங்கள் அண்ணாந்து பார்த்த மாடம் அப்போதுதான் சுவரில் பொருத்தப்பட்டது. அது 14ஆம் நூற்றாண்டுக் கல்தான், ஆனால் அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்த கல். கல்லறை 1937இல் நிலவறைக்கு இறக்கப்பட்டதும் அவர் திட்டப்படியே. மங்கிய ஒளியும் தாழ்ந்த வளைவும் செங்கல்மேடு ஐயாவின் மனத்தைப் பிடித்தன என்றால், அவேனா நினைத்தது நடந்திருக்கிறது என்று பொருள். முற்றத்தில் நிற்கும் ஜூலியட்டின் வெண்கலச் சிலையும் இப்போது மூலம் அன்று. நெரேயோ கோஸ்தந்தீனி வார்த்த சிலை, லட்சக்கணக்கானோர் கைபட்டு விரிசல் கண்டதால் 2014இல் உள்ளே கொண்டுபோகப்பட்டு, வெளியே படி ஒன்று நிறுத்தப்பட்டது.

கல்லறையைப் பார்த்த டிக்கன்சின் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சிதைந்த வாயிலைத் திறந்தவள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தொட்டியைக் காட்டி, பாவப்பட்ட ஜூலியட்டின் கல்லறை இது என்றாள். அவர் ஏமாற்றம் அடையவில்லை. ஜூலியட் உறங்கும் இடம் மறக்கப்பட்டிருப்பதே நல்லது என்றும், பயணிகள் வழியை விட்டு விலகி, மழையும் வெயிலும் மட்டும் வந்து போகும் இடத்தில் அவள் கிடப்பதே தகும் என்றும் எழுதினார்.

உண்மையில் அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு பழைய துயரம் இருக்கக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. தா போர்த்தோ படைவீரர். 1511இல் பிரியூலியில் நடந்த போரில் கழுத்தில் படுகாயமடைந்து, படைத்தொழிலையே விட வேண்டியதாயிற்று. அவர் தம் நூலை லூச்சீனா சவோர்ஞானா என்ற பெண்ணுக்கு உரிமையாக்கினார். லூச்சீனா வேறொருவருக்கு மனைவியானவள். ஜூலியட்டுக்கு எச்சம் வேண்டும் என்பவர்கள் அந்த உரிமையுரைப் பக்கத்தைப் பார்க்கலாம்.

செங்கல்மேடு:

ஏடுதேடி அம்மாவுக்கு நன்றி. நிலவறையின் இருட்டு 1937இல் அமைக்கப்பட்டது என்பதை அறிந்தபோது சற்று வலித்தது; மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் இப்படிக் கேட்கிறேன். அதே காலத்தில், அதே நாட்டில், உண்மையாகவே வாழ்ந்து, உண்மையாகவே மடிந்த காதலர்கள் யாராவது உண்டா? உண்டென்றால் அவர்களுக்கு எங்கே கல்லறை இருக்கிறது?

ஏடுதேடி:

உண்டு ஐயா. கல்லறைதான் இல்லை.

பிரான்செஸ்கா, ராவென்னாவை ஆண்ட குயிதோ தா பொலெந்தாவின் மகள். 1275ஆம் ஆண்டையொட்டி, ரிமினியின் மலாதெஸ்தா குடும்பத்தில் ஜோவன்னிக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். அவனுக்குக் கால் ஊனம்; ஜன்சொத்தோ என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. இரண்டு குடும்பங்கள் அரசியல் உறவுக்காகப் பெண்ணைக் கொடுத்து முடிச்சுப் போட்டன. அவனுடைய தம்பி பாவ்லோ அழகன் என்று பெயர் பெற்றவன். 1282இல் பிளாரன்ஸ் நகரில் மக்கள் தலைவர் என்ற பதவியில் இருந்து, 1283 பிப்ரவரியில் ஊர் திரும்பினான் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. அப்போது தாந்தேவுக்கு வயது 17. தெருவில் பாவ்லோ போனதை அந்த இளைஞர் பார்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1283க்கும் 1286க்கும் இடையில் எப்போதோ ஜன்சொத்தோ தம்பியையும் மனைவியையும் கொன்றான்.

இந்தக் கொலையை அந்தக் காலத்து நாட்குறிப்பாளர் எவரும் பதியவில்லை. ஆளும் வீட்டுக்குள் நடந்த அவமானத்தை வெளியே விடாமல் அடக்கிவிட்டார்கள். தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதி ஐந்தாம் பாடலில் அவளைப் பேச வைத்திராவிட்டால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. சூறைக்காற்றில் ஒன்றாகச் சுழலும் இரண்டு உயிர்களில் அவள் மட்டுமே பேசுகிறாள். அவன் பக்கத்தில் நின்று அழுகிறான். போ ஆறு கடலில் இறங்கும் கரையில் பிறந்தேன் என்று ஊரைச் சொல்கிறாள். இருவரும் தனியாக அமர்ந்து, ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் வீரன் லான்ஸ்லாட்டின் காதலைப் படித்ததையும், ஓர் இடத்தில் படிப்பு நின்றுபோனதையும், அன்று அதற்குமேல் படிக்கவில்லை என்பதையும் சொல்கிறாள். அந்தப் பாடல் முழுவதிலும் மூவரில் ஒருவர் பெயர்தான் உச்சரிக்கப்படுகிறது. அது பிரான்செஸ்கா. கணவன் பெயரும் இல்லை, காதலன் பெயரும் இல்லை. பெண்களின் பெயர்களை ஏடுகளில் தேடித் தேடிச் சலித்த எனக்கு, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இந்த இடத்தில் கண் கலங்கிவிடுகிறது.

தம்பியைக் காட்டி அண்ணனுக்குக் கட்டிவைத்தார்கள் என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது தாந்தேவின் காவியத்தைப் பற்றி எழுத்தாளர் பொக்காச்சியோ 1373இல் தொடங்கிய விரிவுரைகளில் முதன்முதலாக விரித்துச் சொல்லப்பட்டது. நிகழ்ச்சி நடந்து அதற்குள் தொண்ணூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. 1269இலேயே பாவ்லோவுக்குத் திருமணமாகி, பின்னர் இரண்டு பிள்ளைகளும் இருந்ததால், அண்டை ஊர் ஆட்சியாளர் மகளுக்கு அவனை மாப்பிள்ளையாகக் காட்டி ஏமாற்றியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

மாடப்புறா:

ஏடுதேடி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். அதே பயணத்தில் கிராதாரா கோட்டைக்கும் போயிருந்தோம். கொலை நடந்த இடம் அது என்றே அங்கே சொல்கிறார்கள். பிரான்செஸ்காவின் அறை என்று ஒன்று இருக்கிறது. அதில் திரைச்சீலை கட்டிய கட்டிலும், புத்தகம் திறந்து வைத்த ஒரு சாய்மேசையும், பாவ்லோ தப்பிக்க முயன்றதாகச் சொல்லப்படும் தரைக்கதவும் இருந்தன. அந்தச் சாய்மேசைக்கு முன்னால் நின்றபோது நான் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அதுவும் அமைக்கப்பட்டதுதானா?

ஏடுதேடி:

ஆம் தோழி, அமைக்கப்பட்டதுதான். கோட்டை பழையது, மலாதெஸ்தாக்களின் கையில் இருந்ததும் உண்மை. ஆனால் 1920இல் உம்பெர்த்தோ சன்வெத்தோரி என்ற பொறியாளர் அதை வாங்கி, இடிபாடுகளைச் சீர்செய்து, அறைகளை இடைக்காலப் பாணியில் அலங்கரித்தார். தாந்தே மறைந்த 600ஆவது ஆண்டு 1921இல் வந்தது. நாடே அவரைக் கொண்டாடிய நேரம் அது. பிரான்செஸ்காவைப் பற்றிய நாடகங்களும் இசை நாடகங்களும் அதற்கு முன்பே மேடையை ஆட்கொண்டிருந்தன. அந்த அறை மேடையிலிருந்து கோட்டைக்குள் வந்தது என்பதே என் கருத்து.

கிராதாராவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. நகரத் தலைமை நடுவராகப் பொறுப்பேற்பவர் குடும்பத்தை ஊருக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அக்காலத்து விதி. ஜன்சொத்தோ பெசாரோவில் அந்தப் பதவி வகித்ததால் மனைவியை அருகிலுள்ள கிராதாராவில் வைத்திருந்தான் என்கிறார்கள். சிந்திக்கத் தக்க வாதம்தான், ஆனால் சான்று ஆகாது. ரிமினியும் பெசாரோவும் அதே கொலைக்கு உரிமை கோருகின்றன.

கல்தச்சன்:

இடையில் ஒரு குறிப்பு மட்டும். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் செதுக்கிய ‘முத்தம்’ சிலையை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது பாவ்லோவும் பிரான்செஸ்காவும்தான். தாந்தேவின் நரகத்தைக் காட்டும் மாபெரும் கதவுக்காக 1880களில் உருவாக்கி, பிறகு தனியாக எடுத்துவிட்டார். அடுத்த முறை பார்க்கும்போது பாவ்லோவின் கையைக் கவனியுங்கள். அதில் புத்தகம் இருக்கிறது. அந்த நாளில் படித்து நிறுத்திய புத்தகத்துக்கு, ஆறு நூற்றாண்டு கழித்து ஒரு தச்சன் மனத்தில் கண்டு கொடுத்த வடிவம் அது.

கோவில்மணி:

சான்றோலை உள்ள எலும்பு ஒன்று இந்தக் கதையின் அருகிலேயே இருக்கிறது. அதை யாரும் குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன். பிளாரன்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட தாந்தேவுக்குக் கடைசியாக அடைக்கலம் கொடுத்தவர் ராவென்னாவின் குயிதோ நொவெல்லோ. அவர் பிரான்செஸ்காவின் உடன்பிறந்தான் மகன். அத்தையை நரகத்தில் வைத்துப் பாடிய கவிஞரை மருமகன் தம் வீட்டில் வைத்துப் போற்றினார். 1321இல் தாந்தே அந்த ஊரிலேயே இறந்தார். பிரான்செஸ்கா பிறந்த மண்ணிலேயே அடக்கமானார்.

பிளாரன்ஸ் பிறகு மனம் மாறி உடலைக் கேட்டது. 1519இல் திருத்தந்தை பத்தாம் லியோ அனுமதி கொடுக்க, ஆட்கள் வந்து கல்லறையைத் திறந்தபோது உள்ளே எலும்புகள் இல்லை. பிரான்சிஸ்கன் துறவிகள் மடத்துச் சுவர் வழியாகத் துளையிட்டு முன்பே எடுத்து ஒளித்திருந்தார்கள். 1677இல் அந்தோனியோ சாந்தி என்ற துறவி அவற்றை மரப்பெட்டியில் வைத்து, தாந்தேவின் எலும்புகள் என்று அதன்மேல் எழுதிவைத்தார். துறவிகள் பிற்பாடு மடத்தை விட்டுப் போக நேர்ந்தபோது அந்தப் பெட்டியைச் சுவருக்குள் மறைத்தார்கள். 1865 மே 27 அன்று, கவிஞர் பிறந்த 600ஆவது ஆண்டு விழாவுக்காகப் பழுதுபார்த்த வேலையாட்கள் சுவரை இடித்தபோது பெட்டி வெளியே வந்தது. பிளாரன்சின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் அவருக்காக எழுப்பிய பெருங்கல்லறை இன்றும் வெறுமையாகவே நிற்கிறது.

பிரான்செஸ்காவைப் பேசவைத்த வாய் அவள் ஊரில் இருக்கிறது. அவள் எங்கே என்பதற்குத்தான் அடையாளம் இல்லை.

செங்கல்மேடு:

இந்த இழையில் நான் கற்றுக்கொண்டதை எண்ணிப் பார்க்கிறேன். பிறக்காத பெண்ணுக்கு வீடு, மாடம், கல்லறை, சிலை, தினம் வரும் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. பிறந்து, மணமாகி, வெட்டுப்பட்டு இறந்த பெண்ணுக்கு ஒரு பிடி மண்கூட அடையாளம் காட்டப்படவில்லை. ஏடுதேடி அம்மா, அவளைப் பற்றி, கவிதைக்கு வெளியே, ஒரு துண்டு ஏடாவது மிஞ்சியிருக்கிறதா? அவளைத் தொட்ட ஏதாவது ஒன்று?

ஏடுதேடி:

மிஞ்சியிருப்பது மிகச் சிறியது ஐயா. அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

அவளுடைய மாமனார் மலாதெஸ்தா தா வெருக்கியோ நெடுங்காலம் வாழ்ந்தவர். மூத்த மகன் ஒருவன் தம்பியைக் கொன்றதையும், அந்த மகனே 1304இல் இறந்ததையும் கண்டுவிட்டு, 1312வரை உயிரோடு இருந்தார். 1311இல் அவர் உயில் எழுதினார். அந்த உயிலில் பிரான்செஸ்காவின் பெயர் வருகிறது. அவள் கொண்டுவந்த சீதனத்தைப் பற்றிய குறிப்பில் வருகிறது.

அவள் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு, இலத்தீனில், ஒரு நோட்டரியின் கையெழுத்தில், சொத்துக் கணக்கின் நடுவே. அழகி என்றோ, பிழை செய்தவள் என்றோ, கொல்லப்பட்டவள் என்றோ அங்கே இல்லை. மருமகள் கொண்டுவந்த சீதனத்துக்கு வீட்டார் பொறுப்பு என்பதால் எழுத வேண்டியதாயிற்று. கோவில்மணி ஐயா கேட்ட சான்றோலை இதுதான். முத்திரையோடு கூடிய, ஐயத்துக்கு இடமில்லாத சான்று. ஆனால் அது அவள் காதலுக்குச் சான்று அன்று. அவளை அந்த வீட்டுக்கு அனுப்பிய பேரத்துக்குச் சான்று.

மாடப்புறா:

அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா? பாவ்லோவின் மனைவி என்ன ஆனாள் என்பதையும் இதுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு இப்போது அவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஏடுதேடி:

பாவ்லோவின் மனைவி பெயர் ஒராபிலே பெயாத்ரிச்சே. கியாஜோலோ என்னும் சிற்றூரின் கோமகள். அவளுடைய நிலத்துக்காகவே மலாதெஸ்தாக்கள் அந்தச் சம்பந்தத்தைச் செய்தார்கள். உபெர்த்தோ என்று ஒரு மகன், மார்கெரீத்தா என்று ஒரு மகள். அவளைப் பற்றி எந்தக் கவிஞரும் பாடவில்லை.

பிரான்செஸ்காவுக்கு ஒரு மகள் இருந்தாள். கொன்கோர்தியா என்று பெயர். ஜன்சொத்தோவின் தாய் பெயரைத்தான் அவளுக்கு இட்டிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் இணக்கம், மனஒற்றுமை என்று பொருள். தாய் இறந்தபோது அவள் சிறு குழந்தை. தந்தை பிறகு ஃபயென்சாவைச் சேர்ந்த சம்பிரசீனா என்பவளை மணந்துகொண்டார். அவள் வழியாக இன்னும் பல பிள்ளைகள் பிறந்தனர்.

செங்கல்மேடு:

அடுத்த ஆண்டு மீண்டும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. இம்முறை ராவென்னாவில் இறங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். கல்தச்சன் ஐயா, வெரோனா வழியாகத்தான் ரயில். நேரம் கிடைத்தால் அந்த நிலவறைக்கு மறுபடியும் போவேன்; அங்கே முதலில் கிடந்தவர் யாராயிருந்தாலும், அவருக்காக ஒரு முறை விளிம்பைத் தொட்டுவிட்டு வருகிறேன்.